குழந்தைகளின் குருதி சொன்ன கணக்கு

(பொது சுகாதாரம் குறித்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தொற்றுநோய் நாட்டில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேட்டால், அரசிடம் எப்போதும் ஓர் எண் இருக்கும். மருத்துவமனைக்கு வந்தவர்கள், பரிசோதனை செய்துகொண்டவர்கள், பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் ஆகியோரின் கூட்டுத்தொகையே அந்த எண். பரிசோதனை நிலையம் இல்லாத சிற்றூரில் நிகழ்ந்த தொற்று அதில் இராது. ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சிக் காய்ச்சலோடு வேலைக்குச் சென்ற தொழிலாளியின் தொற்றும் அதில் இராது. குழந்தைகளின் தொற்றோ பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. கொரோனா தொற்றிய குழந்தைகள் பலருக்கு இரண்டு நாள் சளியோடு அது கடந்துவிட்டது. பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றவில்லை. நலமாக விளையாடிக் கொண்டிருக்கும் குழந்தையை யாரும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதில்லை.

எனினும், பதிவேட்டில் ஏறாத தொற்றும் உடலில் தடம் பதித்தே செல்கிறது. அந்தத் தடத்தைத் தேடிச் செல்லும் அறிவியலைப் பற்றியும், அது நம் நாட்டுக் குழந்தைகளைப் பற்றிச் சொன்ன உண்மையைப் பற்றியும், அந்த உண்மையை ஆட்சியாளர்கள் நடத்திய விதத்தைப் பற்றியும் பேசுவதே இவ்வுரையின் நோக்கம்.

குருதியில் எஞ்சும் தடம்

வைரஸ் உடலில் நுழைந்ததும் அதனை எதிர்கொள்வதற்கென உடல் சில புரதங்களை உருவாக்குகிறது. இவையே எதிர்ப்பொருள்கள், பேச்சுவழக்கில் ஆன்டிபாடி என்கிறோம். இவற்றுள் ஐஜிஜி எனப்படும் வகை, தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குருதியில் காணத்தக்க அளவை எட்டுகிறது. வைரஸ் உடலைவிட்டு நீங்கிய பின்னரும் பல மாதங்கள் நீடிக்கிறது. மூக்கிலிருந்து எடுக்கப்படும் சளி மாதிரி, இன்று தொற்று உள்ளதா என்பதை மட்டுமே சொல்லும். குருதிநீரில் உள்ள எதிர்ப்பொருளோ, முன்பு தொற்று வந்து போனதா என்பதைச் சொல்லும்.

சோதனை முறை எளிது. சில மில்லிலிட்டர் குருதி எடுக்கப்பட்டு, அதிலிருந்து குருதிநீர் தனியாகப் பிரிக்கப்படுகிறது. வைரஸின் கூறு ஒட்டப்பட்ட தட்டில் அது இடப்படுகிறது. எதிர்ப்பொருள் இருந்தால் அக்கூறுடன் பிணைகிறது. பின்னர் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களால் நிறம் தோன்றுகிறது. இந்தியாவில் இதற்கான முதல் சோதனைக் கருவித் தொகுப்பை 2020 மே மாதத்தில் உருவாக்கியது புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம். நாடு தழுவிய ஆய்வுகளை வழிநடத்தியது சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். இரண்டும் மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பொதுத்துறை ஆய்வு நிறுவனங்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வயது என்னும் ஏணி

எதிர்ப்பொருள் ஆய்வில் குழந்தைகளுக்குத் தனியிடம் உண்டு. இதனை டெங்குவைக் கொண்டு விளக்கலாம். 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில், 5 முதல் 45 வயது வரையிலான 12,300 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. 5 முதல் 8 வயதுக் குழந்தைகளில் 28.3 சதவீதத்தினர், 9 முதல் 17 வயதினரில் 41 சதவீதத்தினர், 18 முதல் 45 வயதினரில் 56.2 சதவீதத்தினர் முன்பே டெங்குவுக்கு ஆளாகியிருந்தனர்.

இந்த மூன்று எண்களையும் ஓர் ஏணியின் படிகளாகப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்காரரின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள், அவருடைய வாழ்நாளில் என்றோ ஒருநாள் தொற்று வந்தது என்று மட்டுமே சொல்லும். ஆறு வயதுக் குழந்தையின் குருதியில் உள்ளதோ, கடந்த ஆறே ஆண்டுகளுக்குள் அக்குழந்தை வாழும் இடத்தில் வைரஸ் உலவியது என்று சொல்கிறது. எனவே ஒரு நோய் இப்போது எந்த வேகத்தில் பரவுகிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர் முதலில் குழந்தைகளையே நாடுகிறார்.

கொரோனா காலத்தில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்தது. தடுப்பூசியும் எதிர்ப்பொருளை உருவாக்கும். ஆதலால் 2021இன் நடுப்பகுதியில் வயது வந்தோரின் குருதியில் காணப்பட்டது தொற்றின் விளைவா, தடுப்பூசியின் விளைவா என்று எளிதில் பிரித்தறிய இயலவில்லை. சிறுவர்களுக்கு அச்சிக்கல் இல்லை. 15 முதல் 17 வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியதே 2022 ஜனவரி 3 அன்றுதான். அதற்கு முன் சிறுவர்களின் குருதியில் காணப்பட்ட எதிர்ப்பொருள், ஏறக்குறைய முழுவதும் தொற்று விட்டுச்சென்ற தடமே.

நான்கு சுற்றுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் நான்கு முறை இந்த ஆய்வை நடத்தியது. 2020 மே–ஜூனில் நடந்த முதல் சுற்றில் வயது வந்தோர் மட்டுமே சேர்க்கப்பட்டனர், 0.73 சதவீதத்தினரிடம் தொற்றின் தடம் இருந்தது. ஆகஸ்ட்–செப்டம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் பத்து வயதுக்கு மேற்பட்ட சிறுவர்களும் சேர்க்கப்பட்டனர், 6.6 சதவீதம் என்ற விடை கிடைத்தது. பதிவான ஒவ்வொரு தொற்றுக்கும் 26 முதல் 32 வரையிலான தொற்றுகள் உண்மையில் நிகழ்ந்துள்ளன என்று அச்சுற்று மதிப்பிட்டது.

2020 டிசம்பர்–2021 ஜனவரியில் மூன்றாம் சுற்று நடந்தது. வயது வந்தோரில் 21.4 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயதினரில் 25.3 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அதன் பின் இரண்டாம் அலை வந்தது. கங்கையில் பிணங்கள் மிதந்தன. ஆக்சிஜன் இன்றி மக்கள் மருத்துவமனை வாயில்களில் உயிரிழந்தனர். அந்த அலை தணிந்துகொண்டிருந்தபோது, ஜூன் 14 முதல் ஜூலை 6 வரை நான்காம் சுற்று நடந்தது. ஆய்வு செய்யப்பட்ட 28,975 பேரில் 2,892 பேர் 6 முதல் 9 வயதினர். 5,799 பேர் 10 முதல் 17 வயதினர். முதல் வகையினரில் 57.2 சதவீதத்தினரிடமும், இரண்டாம் வகையினரில் 61.6 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. மொத்த விகிதம் 67.6 சதவீதம்.

25.3 என்ற எண் ஆறு மாதங்களுக்குள் 61.6 ஆகியிருந்தது. அதாவது அந்த ஆறு மாதங்களில் 10 முதல் 17 வயதினருள் மூவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் புதிதாகத் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். அதே நாட்களில் தொலைக்காட்சிகளில் மூன்றாம் அலை குழந்தைகளைக் குறிவைக்கும் என்ற அச்சம் பரப்பப்பட்டுக்கொண்டிருந்தது. வைரஸ் அதுவரை குழந்தைகளைத் தொடாமல் விட்டுவைத்திருந்தது என்ற கற்பனையின் மீதே அந்த அச்சம் நின்றது. ஐந்து பிள்ளைகளில் மூவரை அது ஏற்கெனவே தொட்டுச் சென்றுவிட்டது என்பதே உண்மை. மிகப் பெரும்பாலான குழந்தைகள் கடும் நோயின்றித் தேறியிருந்தனர். கடும் நோய்க்கு ஆளான குழந்தைகளும் இருந்தனர் என்பதை மறைக்கக் கூடாது; அவர்களுக்குத் தேவைப்பட்டது அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கை.

பள்ளியின் கதவும் வீட்டின் கதவும்

2020 மார்ச் நடுவில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. மூன்றாம் சுற்று நடந்தபோது பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் திறக்கப்பட்டிருக்கவில்லை. அவ்வாறிருந்தும் சிறுவர்களின் தொற்று விகிதம் பெரியவர்களின் விகிதத்துக்குக் குறையவில்லை. பள்ளிகளில் வைரஸ் பரவாது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பள்ளியைப் பூட்டியதால் மட்டும் குழந்தைகள் காக்கப்படவில்லை என்பதே இதன் பொருள். வேலைக்குச் சென்று திரும்பிய தாயோடும் தந்தையோடும் வைரஸ் வீட்டின் கதவு வழியே வந்தது.

எந்த வீடு என்பதையும் குருதி சொன்னது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் நடந்த ஆய்வில் குடிசைப்பகுதி மக்களில் 57 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. பிற பகுதிகளில் 16 சதவீதத்தினரிடம் மட்டுமே. ஒரே நகரம், ஒரே வார்டு, ஒரே ஊரடங்கு. ஆயினும் ஓர் அறையில் எட்டுப் பேர் வாழும் இடத்தில், நூறு பேருக்கு ஒரு கழிப்பறை உள்ள இடத்தில், தனிமனித இடைவெளி என்பது வெறும் சொல். 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை மும்பை மாநகராட்சி, பிற சோதனைகளுக்காக ஆய்வகங்களுக்கு வந்திருந்த குழந்தைகளின் 2,176 குருதி மாதிரிகளை ஆராய்ந்தது. 51.18 சதவீத மாதிரிகளில் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அரசு மருத்துவமனைகள் வழியே வந்த மாதிரிகளில் அது 54.36 சதவீதம், தனியார் ஆய்வகங்கள் வழியே வந்தவற்றில் 47.03 சதவீதம்.

பூட்டிய பள்ளியின் விலையையும் இதே பிள்ளைகளே செலுத்தினர். 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு, 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளைச் சந்தித்தது. கிராமப்புறக் குழந்தைகளில் 8 சதவீதத்தினர் மட்டுமே முறையாக இணையவழியில் கற்றனர். 37 சதவீதத்தினர் எதையும் கற்கவே இல்லை. ஏறக்குறைய பாதிப்பேரால் ஒரு சில சொற்களுக்கு மேல் வாசிக்க இயலவில்லை. தொற்றும் வந்தது, கல்வியும் போனது. இரண்டு இழப்பும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகளுக்கு நேர்ந்தன.

2021 ஜூலை 20 அன்று நான்காம் சுற்றின் முடிவுகளை வெளியிட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் தடுப்பூசி செலுத்திய பின் முதலில் தொடக்கப் பள்ளிகளைத் திறப்பது அறிவார்ந்த செயலாக இருக்கும் என்றார். நடைமுறையில் என்ன நிகழ்ந்தது? பல மாநிலங்களில் வணிக வளாகங்களும் உணவகங்களும் முதலில் திறந்தன. தொடக்கப் பள்ளிகள் கடைசியாகத் திறந்தன.

கேரளமும் மத்தியப் பிரதேசமும்

2021 ஜூலை இறுதியில் நாட்டின் அன்றாடத் தொற்றுகளில் ஏறத்தாழ பாதி கேரளத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. கேரளம் தோற்றுவிட்டது என்று பெருமுதலாளித்துவ ஊடகங்கள் கொண்டாடின. அதே வேளையில் நான்காம் சுற்றின் மாநிலவாரி எண்கள் வெளிவந்தன. மத்தியப் பிரதேசத்தில் 79 சதவீதத்தினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது; 21 மாநிலங்களில் அதுவே மிக அதிகம். கேரளத்தில் 44.4 சதவீதம், அதுவே மிகக் குறைவு. கேரளம் தடுப்பூசி செலுத்துவதில் முன்னணியில் இருந்தும் இந்நிலை என்பது குறிப்பிடத்தக்கது.

கேரளத்தின் பதிவேட்டில் அப்போது 30 லட்சத்துக்கும் அதிகமான தொற்றுகள் இருந்தன. அதைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட மத்தியப் பிரதேசத்தின் பதிவேட்டிலோ 8 லட்சத்துக்கும் குறைவாகவே இருந்தன. பதிவேட்டை மட்டும் பார்த்தால் மத்தியப் பிரதேசம் வென்றது, கேரளம் வீழ்ந்தது. குருதியைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு மாநிலம் தொற்றைத் தேடிக் கண்டுபிடித்து எண்ணியது. அதன் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அதுவரை தொற்று அண்டவில்லை. மற்றொரு மாநிலத்தில் தொற்று எண்ணப்படாமலே ஊரெங்கும் பரவி ஓய்ந்தது. 70 மாவட்ட மாதிரி நாட்டு அளவிலான மதிப்பீட்டுக்காக வகுக்கப்பட்டது. மாநில அளவில் அதனை ஒரு சுட்டாகவே கொள்ள வேண்டும் என்பது உண்மை. எனினும் 79க்கும் 44.4க்கும் இடையிலான தூரத்தை மாதிரிப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது.

தொற்று அண்டாத மக்கள் மிகுதி என்பது பெருமைக்கு மட்டுமன்றிக் கவலைக்கும் உரியது. அவர்களுக்கு இனிமேல் தொற்று வரலாம் என்பதே அதன் மறுபக்கம். கேரள அரசு இதனை உணர்ந்து செயல்பட்டது. 2021 செப்டம்பரில் தனியாக ஆய்வு நடத்தியது. வயது வந்தோரில் 82.6 சதவீதத்தினரிடமும், 5 முதல் 17 வயதுக் குழந்தைகளில் 40.2 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. பெரியவர்களைத் தடுப்பூசி காத்துள்ளது. குழந்தைகளில் பத்தில் ஆறு பேர் தொற்றுக்கு ஆளாகாதவர்கள் என்று அந்த எண்கள் உணர்த்தின. அவற்றை அறிந்தே நவம்பர் 1 அன்று அங்கு பள்ளிகள் திறக்கப்பட்டன. மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தொடக்கத்தில் அரைநாள் வகுப்புகளே நடந்தன. பள்ளியைத் திறப்பதா, மூடுவதா என்ற வெற்று விவாதத்துக்கு அப்பால், எண்ணை அறிந்து ஆயத்தமாவது எப்படி என்பதற்கு இது ஒரு சான்று.

அறிந்தும் செவிசாய்க்காத ஆட்சி

ஒன்றிய அரசிடம் அறிவு இல்லை என்று சொல்ல இயலாது. திறன்மிக்க அறிவியலாளர்கள் இருந்தனர். ஊர் ஊராகச் சென்று, பெற்றோரின் இசைவையும் பிள்ளையின் சம்மதத்தையும் பெற்றுக் குருதி எடுத்த களப்பணியாளர்கள் இருந்தனர். குறை வேறிடத்தில் இருந்தது.

2020 மே–ஜூனில் நடந்த முதல் சுற்றின் முழு அறிக்கை செப்டம்பரில்தான் வெளிவந்தது. 2021 ஜனவரி இறுதியில் டாவோஸ் உலகப் பொருளாதார மன்றத்தில் பேசிய பிரதமர் மோடி, கொரோனாவைத் திறம்படக் கட்டுப்படுத்தியதன் மூலம் இந்தியா மனிதகுலத்தைப் பெரும் துயரிலிருந்து காத்துள்ளது என்று முழங்கினார். அதே வாரங்களில் மூன்றாம் சுற்றின் குருதிநீர் மாதிரிகள் ஆய்வகத்தில் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. வயது வந்தோரில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தினர் தொற்றுக்கு ஆளாகாதவர்கள், ஆபத்து நீங்கவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே இதனை வெளிப்படையாகச் சொன்னது. ஆட்சியாளர்களோ தேர்தல் பேரணிகளுக்கும் கும்பமேளாவுக்கும் கதவைத் திறந்துவிட்டனர். ஏப்ரல் இறுதியில், தரவுகளை ஆய்வுக்குத் திறந்துவிடுமாறு நூற்றுக்கணக்கான அறிவியலாளர்கள் பிரதமருக்குக் கூட்டாகக் கடிதம் எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. மக்களின் குருதியிலிருந்து பெற்ற தரவை மக்களின் அறிவியலாளர்களே இரந்து கேட்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பொருள் ஆய்வு எல்லாவற்றுக்கும் விடை தராது. எதிர்ப்பொருள் நாளடைவில் குறையும். ஆதலால் காலம் கடந்து செய்யும் ஆய்வு உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். எதிர்ப்பொருள் உள்ளவருக்கு மீண்டும் தொற்று வராது என்ற உறுதியும் இல்லை. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அதனைக் காட்டியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தேசிய ஆய்வின் நான்கு சுற்றிலும் சேர்க்கப்படவே இல்லை. இவ்வரம்புகளை அறிந்து பயன்படுத்தும்போதுதான் ஆய்வு மக்களுக்கு உதவும்.

செய்ய வேண்டியவை

கொரோனாவோடு இந்தத் தேவை முடிந்துவிடவில்லை. 2022 இறுதியில் மும்பையின் கோவண்டி உள்ளிட்ட உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில் தட்டம்மை பரவி, பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் வழக்கமான தடுப்பூசிப் பணி தடைபட்டதும் அதற்கு ஒரு காரணம். எந்தப் பகுதிக் குழந்தைகளிடம் தட்டம்மைக்கு எதிர்ப்பொருள் இல்லை என்பதை நோய் வெடிப்பதற்கு முன்பே குருதி ஆய்வால் அறிந்துகொள்ள முடியும். அறிந்தால், தடுப்பூசியை அங்கு முதலில் கொண்டுசேர்க்க முடியும்.

ஆகவே சில கோரிக்கைகளை உழைக்கும் மக்களின் கோரிக்கைகளாக முன்வைக்க வேண்டியுள்ளது. குழந்தைகளின் எதிர்ப்பொருள் ஆய்வு, டெங்கு, தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கும் சேர்த்து, மாவட்ட அளவில் குறித்த இடைவெளியில் பொதுச் செலவில் நடத்தப்பட வேண்டும். சிறு குழந்தைகள் அதிலிருந்து விடுபடக் கூடாது. பெயர்கள் நீக்கப்பட்ட தரவுகள் தாமதமின்றிப் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். குருதி தந்த பிள்ளையின் பெற்றோருக்கு அதன் முடிவு அவர்களுடைய மொழியில் தெரிவிக்கப்பட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீடு வீடாகச் சென்ற ஆஷா, அங்கன்வாடி ஊழியர்கள் மதிப்பூதியத்துக்கு உழைக்கும் தொண்டர்களாக அன்றி, முறையான ஊதியம் பெறும் தொழிலாளர்களாக ஏற்கப்பட வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தைப் பொது சுகாதாரத்துக்குச் செலவிடுவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை அளித்த வாக்குறுதி காகிதத்தை விட்டு வெளியே வர வேண்டும்.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். வைரஸ் வந்து போனதைச் சொல்லும் அதே குருதி, அக்குழந்தையின் தட்டில் உணவு போதவில்லை என்பதையும் சொல்கிறது. குழந்தைகளிடமிருந்து சில துளிகளைப் பெற்றுக்கொண்ட அரசு, அத்துளிகள் சொன்னதற்குச் செயலால் விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது. அந்த விடையை அரசு தானாகத் தராது. அதனைத் தரவைக்கும் ஆற்றல் அமைப்பாகத் திரண்ட மக்களிடமே உள்ளது.